ஃபெனகோடஸுக்கு யார் மாமன், யார் பங்காளி

என் கல்யாணத்துக்கு முறை வராது என்று பெரிய மாமா தீர்ப்புச் சொன்ன நேரத்தில், நான் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஒடிந்த கால்விரல் ஒன்றை அரக்கு உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். விரல் என்னுடையது இல்லை. ஃபெனகோடஸ் என்ற பிராணியுடையது. அதுவும் அசல் இல்லை, பிளாஸ்டரில் வார்த்த நகல். எண்பதுகளின் தொடக்கம். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துகிறவர்கள் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். கரப்பான் பூச்சியை அறுத்துக் காட்டுவதும், மாணவிகள் உடைத்ததை ஒட்டுவதும் என் பாடு.

அந்தப் பிராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்து செத்தது. ஆட்டுக்கிடா அளவு இருக்கும். நாய்க்கு இருப்பதைவிட நீளமான வால். ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல், விரல் நுனியில் குட்டிக் குளம்பு. நடுவிரல்தான் பெரியது, பாரம் முக்கால்வாசி அதன்மேல். அந்தக் காலைப் பார்த்தால் இதுதான் குதிரையின் பாட்டன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். எங்கள் பாடப்புத்தகம் அப்படித்தான் செய்திருந்தது. ஆனால் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் கதை வேறு. முண்டு முண்டாக, தழையோ பழமோ கிடைத்ததை மெல்லுகிற பல். போதாக்குறைக்கு, முதல் குதிரைகள் மேய்ந்த காலத்தில் இதுவும் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது, ஆகவே பாட்டனாக இருக்க முடியாது என்று நூலகத்திலிருந்த இன்னொரு புத்தகம் சொன்னது. அப்படியானால் யாருக்குத்தான் சொந்தம்? தெரியாது. இப்படிச் சொந்தம் தெரியாத பழைய குளம்புக்காரர்களையெல்லாம் ஒரே பெயர் கொடுத்து ஒரே வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள், எந்த வீட்டு ஆள் என்று தெரியாதவர்களைக் கடைசிப் பந்தியில் உட்காரவைப்பது போல. ஃபெனகோடஸ் என்ற பெயருக்கே ஏமாற்றுக்காரப் பல் என்றுதான் பொருளாம். எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடம் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். சுவரை மறைக்கும் அளவுக்கு சார்ட் வேண்டும் என்று துறைத்தலைவி சொல்லிவிட்டார். வரைந்துகொடுக்கக் கோரிப்பாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். பகலெல்லாம் ஓர் அரசு அலுவலகத்தில் மதகுக்கும் பாலத்துக்கும் படம் போடுகிற வரைவாளர். சனிக்கிழமைகளில் கல்லூரிகளுக்கு வரைவார். மதகு வரைந்து பழகிய கை என்பதால் அவர் போட்ட முதல் ஃபெனகோடஸ் நான்கு கால்களையும் தூண் மாதிரி ஊன்றி, வெள்ளம் வந்தாலும் அசையமாட்டேன் என்று நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அழித்துவிட்டு, “கொஞ்சம் ஓடுற மாதிரி வச்சிருவோமா மேடம்” என்றார்.

உறவு உறுதியான இடத்தில் முழுக்கோடு போடவேண்டும், சந்தேகமான இடத்தில் புள்ளிக்கோடு என்று விளக்கினேன். அவர் ஃபெனகோடஸைச் சுற்றி வரைந்து முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“எல்லாமே புள்ளியாவுல இருக்கு.”

“ஆமா. அம்புட்டுத்தான் தெரியும்.”

“இதுக்கா இம்புட்டுப் பெரிய சார்ட்டு?”

மூன்றாவது சனிக்கிழமையில், அவர் வராத சனிக்கிழமை என்று ஒன்று வந்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முடிந்த வாலை மறுபடி மறுபடி அழித்து வரைந்துகொண்டிருந்தார்.

வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மாவுக்குக் காது கூர்மை. “கோரிப்பாளையத்துல எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்றாரு?” என்று ஆரம்பித்து இரண்டே நிமிடத்தில் முறை கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். புது ஆளைப் பார்த்தால் முதலில் நமக்கு என்ன முறை என்று தெரிந்தாக வேண்டும். மாமன் மகன், அத்தை மகன் என்றால் கட்டிக்கொள்ளலாம். பெரியம்மா மகன், சித்தி மகன் என்றால் அண்ணன் தம்பி, அந்த நினைப்பே கூடாது. காலஞ்சென்ற அவருடைய அப்பா, என் அம்மாவுக்குப் பெரியப்பா மகன், அதாவது அண்ணன். ஆக, எனக்கு இவர் மாமன் மகன். முறைமாப்பிள்ளை தானாக வந்து எங்கள் ஆய்வகத்தில் வால் வரைந்துகொண்டிருந்திருக்கிறார். அம்மா அன்றைக்கே கேசரி கிண்டினாள்.

அந்தக் கேசரி ஆறுவதற்குள் வந்து குறுக்கே விழுந்தவர்தான் பெரிய மாமா. வரைவாளருடைய அப்பாவுக்குச் சொந்த அண்ணன், ஆகவே வரைவாளருக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. எங்கள் சொந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நில அளவைக் கல்லை நட்ட மாதிரி பேசுவார். “முறை வராது, விட்டுருங்க” என்றார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, “வராதுன்னா வராது” என்றார்.

அவர் முன்னால் நின்று தாம்பூலம் மாற்றாத கல்யாணத்துக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு ஈ காக்கை வராது. அப்பாவும் கையை விரித்துவிட்டார். திண்டுக்கல்லில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், தை பிறந்ததும் பேசி முடித்துவிடலாம் என்று பேச்சு ஓட ஆரம்பித்தது. நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் பசிக்காது, அழுகை வந்தால் மட்டும் பசிக்கும்.

இதில் இன்னொரு கொடுமை, வரைவாளரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போய்விட்டது. மச்சான் என்றால் பெரிய மாமா பேச்சை மீறுவதாகும். அண்ணே என்று கூப்பிட என் நாக்கு என்ன பாவம் செய்தது? “இந்தாங்க”, “இங்க பாருங்க”, “அந்தப் பென்சிலைக் கொஞ்சம்” என்று மூன்று வாரம் ஆளைத் தொடாமலே பேசினேன். அவர் பாட்டுக்கு நிம்மதியாக மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆண்களுக்கு எல்லாம் சுலபம்.

கண்காட்சிக்குப் பெரிய மாமாவும் வந்தார். என்மேல் அவருக்குப் பாசம் அதிகம், அதை மறைக்க முடியாது. குடையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்து வந்தவர், ஃபெனகோடஸ் முன்னால் நின்றுவிட்டார். குடை நுனியால் கோடுகளைத் தொட்டுத் தொட்டுப் போனார்.

“இது யாரு, குதிரைக்குப் பாட்டனா?”

“அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. இப்ப இல்லேங்கிறாக மாமா.”

“பெறகு யாருக்குச் சொந்தம்?”

“கால் வழியில பாத்தா குதிரைப் பக்கம் போகுது. பல்லு வழியில பாத்தா வேற பக்கம் இழுக்குது. யாருக்கும் தெரியல.”

பெரிய மாமா சிரித்தார். “அதெப்படித்தா யாருக்கும் தெரியாம இருக்கும்? எவனோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லமாட்டேங்கிறான்.”

சொல்லி முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வாரேன்த்தா” என்று கிளம்பினார். அந்த மனிதர் எந்த வீட்டிலும் டீ குடிக்காமல் எழுந்ததில்லை, அன்றைக்கு எங்கள் துறையில் வாங்கி வைத்திருந்த டீ அப்படியே ஆறியது. சார்ட்டைச் சுட்டிக்காட்டுகிற குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். இவர் மிருகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. முறை தெரிந்து, சொல்லாமல் வைத்திருப்பவர் இவர்தான்.

கண்காட்சி முடிந்தும், சார்ட்டைத் திருத்துகிற சாக்கில் அடுத்த சனிக்கிழமை வந்த வரைவாளரிடம் சொன்னேன். “உங்க கால் வழியைப் பாத்தாச்சு, அது உங்கப்பா வழி. உங்கம்மா வழியை யாராச்சும் பாத்தாகளா?”

அவர் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தார். அவருடைய அம்மாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துவிட்டாள். அப்பா இரண்டாவதாகக் கட்டிய சின்னம்மாதான் வளர்த்தாள். எல்லாரும் சின்னம்மா பக்கத்தைத்தான் தாய்வழி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்கே தெரியாது. “அம்மாவோட கல்யாண போட்டோ மட்டும் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வாரேன்” என்றார்.

கொண்டுவந்தார். மாலையும் கழுத்துமாக அவருடைய அப்பாவும் அம்மாவும். பெண்ணுக்குப் பக்கத்தில், முதல் மாலை போடுகிற தாய்மாமன் நிற்கும் இடத்தில், உயரமாக ஒருவர். அந்தக் காலத்தில் போட்டோ என்றால் எல்லாரும் வயிற்றுவலிக்காரர்கள் மாதிரித்தான் நிற்பார்கள். இந்த ஆள் ஒருவர் மட்டும் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெற்றுப்பல், உதட்டைத் தாண்டி வெளியே எட்டிப்பார்த்தது.

அந்தப் பல்லை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அப்பா அம்மா கல்யாணப் படத்தில் அதே பல் இருந்தது. சின்ன வயதில் நான் சாப்பிட அடம்பிடித்தால், “தெத்துப்பல்லுத் தாத்தா வாராரு” என்றுதான் அம்மா மிரட்டுவாள். அவர் என் அம்மாச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவளுக்கு, சித்தப்பா மகன். என் அம்மாவின் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று மாலை போட்டவர். எங்கள் படத்தில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். இந்தப் படத்தில் வரைவாளருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அதே சிரிப்பைச் சிரிக்கிறார்.

இரண்டு பெண்களுக்கும் ஒரே தாய்மாமன் என்றால் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி. வரைவாளருடைய அம்மா என் அம்மாவைவிட மூத்தவள், ஆக எனக்குப் பெரியம்மா. பெரியம்மா மகன் எனக்கு யார்? அண்ணன். ஒரு பல்லைப் பார்த்த உற்சாகத்தில் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பேசாமல் புள்ளிக்கோட்டோடு விட்டிருக்கலாம்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அப்ப எங்கப்பா?” என்றார்.

“உங்கப்பாவுக்கு என்ன?”

“எங்கப்பா உங்கம்மாவுக்கு அண்ணன். எங்கம்மா உங்கம்மாவுக்கு அக்கா. அண்ணனும் அக்காவும் எப்படி மேடம் கட்டிக்கிட்டாக?”

நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். அரக்கு வைத்து ஒட்டிய விரல் மறுபடி விழுந்தது. முறை தப்பியது எங்கள் காலத்தில் இல்லை, போன தலைமுறையிலேயே தப்பிவிட்டது. அதைப் பேசி முடித்து முன்னால் நின்று நடத்தியவர் யார்? சாட்சாத் பெரிய மாமா. காரணத்தைச் சொன்னால் தன் குட்டு உடைந்துவிடும் என்பதால்தான் வராதுன்னா வராது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. “இதை நாலு பேரு முன்னாடி சொல்லிறாதீங்க. அப்பா போயி ரெண்டு வருசந்தான் ஆகுது. அம்மாவுக்கு மனசு கஷ்டப்படும். பெரியப்பாகிட்டத் தனியாச் சொல்லுங்க, போதும்.” நான் சத்தியம் செய்தேன். உண்மையாகவே செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வரைவாளருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பேச்சை இரண்டு பக்கமும் வைத்து முறையாக முடித்துவிட வேண்டுமாம். எங்கள் வீடு செல்லூரில், இரண்டு விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவில். கரண்ட் இருக்கிற வரைக்கும் தறி ஓடும், தறி ஓடுகிற வரைக்கும் காட்டுக்கத்தலாகக் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் முதல் வார்த்தையையே கத்தித்தான் பேசும்.

நான் காப்பி கொண்டுபோனேன். பெரிய மாமா டம்ளரை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினார். “திண்டுக்கல் மாப்பிள்ளையவே பேசிருங்க. இது முறை வராது.”

“ஏன் வராது மாமா?” என்று நானும் கத்தினேன்.

“வராதுத்தா.”

“ஏன்னு சொல்லுங்க.”

“பொம்பளப்புள்ள இதுலயெல்லாம் குறுக்க வரக் கூடாது.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆனாலும் சத்தியம் நினைவிருந்தது. தனியாகத்தானே சொல்ல வேண்டும்? அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, கையைக் குவித்து வைத்து, அவர் காதுக்குள் மட்டும் சொன்னேன். தறிச் சத்தத்தில் காதுக்குள் சொல்வதென்றாலும் தொண்டையைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தேன். நான் வாயெடுத்த அதே நொடியில் கரண்ட் போனது. செல்லூர் முழுக்கத் தறி நின்றது. அந்தப் பெரிய நிசப்தத்தில் என் குரல் மட்டும் தெருக்கோடி வரை போனது.

“அப்ப உங்க கணக்குப்படி எங்கம்மாவோட அண்ணனும் அக்காவும்தானே கல்யாணம் பண்ணியிருக்காக, அதைப் பண்ணிவச்சதே நீங்கதானே?”

தறிக்கூடத்து ஆட்கள் கரண்ட் போனால் பீடி குடிக்க வெளியே வருவார்கள். வந்தவர்கள் பீடியைப் பற்றவைக்காமல் எங்கள் வாசலைப் பார்த்து நின்றார்கள். பெரிய மாமா டம்ளரைக் கீழே வைத்தார். வரைவாளருடைய அம்மா மடியில் வைத்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. செத்துப்போன மனிதரோடு அந்த அம்மாள் வாழ்ந்த வாழ்க்கையைத் தெருவில் இழுத்துப் போட்டு, தப்பு என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. என் கல்யாணம் அதோடு தீர்ந்தது என்றே நினைத்தேன்.

பெரிய மாமாதான் முதலில் பேசினார். குரலில் கல் இல்லை. “தெரியுந்தா. தாய்மாமன்னு அந்த ஆளு மாலையோட வந்து நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. என்ன செய்யச் சொல்ற? எந்தம்பி அதுக்கு முன்னாடியே இவளைத்தேன் கட்டுவேன்னு மூணு நாளு சோறு திங்காமக் கெடந்தான். கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டாவது தடவையும் மூடுனா என்னைக் குருடன்னுருவாக.”

“மூணு நாளா?” வரைவாளருடைய அம்மா தலையை நிமிர்த்தினார். “ஒரு நாளுதேன். மறுநாளே நான் வேலி வழியாப் பணியாரம் குடுத்தேன். உங்களுக்குத் தெரியாது.”

முப்பது வருடமாக அந்த மூன்று நாள் பட்டினியைச் சொல்லித்தான் பெரிய மாமா தன் மனசாட்சியைச் சமாதானப்படுத்தி வந்திருக்கிறார். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வரைவாளருடைய அம்மா என் அம்மா பக்கம் திரும்பினார். “உனக்கும் தெரியுமாத்தா?”

“அண்ணன் காரியத்துக்கு உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே சுவத்துல போட்டோவப் பாத்தேன்,” என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். “நீங்களே சொல்லாதப்ப நான் எதுக்கு மதினி வாயத் தொறக்கணும்.”

கேசரி கிண்டியவள் எல்லாம் தெரிந்துதான் கிண்டியிருக்கிறாள். அந்த அறையில் முறை தெரியாமல் அல்லாடியது நான் ஒருத்திதான்.

“இங்க வாத்தா,” என்று வரைவாளருடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கங்க என்றுதான் சொல்ல வந்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். பாசமாகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் வலிக்கவே பிடித்தார்.

“நான் இருபத்தெட்டு வருசம் அந்த மனுசனோட வாழ்ந்தேன். பெத்தவ மூஞ்சியே எனக்குத் தெரியாது. அந்த வழியில எனக்கு ஒரு சொந்தமும் வேணாம். எனக்கு எம்புருசன் வழிதேன் வழி. அந்த வழியில உங்கம்மா எனக்கு நாத்தனா, நான் உனக்கு அத்தை. பெரியம்மான்னு ஒரு தடவை வாய் தவறி வந்துச்சு, நாக்குல சூடு வச்சிருவேன்.”

“சரிங்கத்தை,” என்றேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

“அதை மட்டும் தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னேல்ல? இதையும் அப்படியே சொல்லு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய மாமாவைப் பார்த்தேன். அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு, “சொல்லுத்தா, கரண்ட் வந்துரப்போகுது” என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் போய் நின்று, தெருக்கோடி வரை கேட்கும்படி, “அத்தை” என்று கத்தினேன்.

“கேட்டுருச்சு தாயி,” என்று எதிர்த் தறிக்கூடத்திலிருந்து பதில் வந்தது.